மற்றவை

துறைக்கு அப்போது இரண்டே அறைகள்,
பந்தாய் மேட்டில்.
புவியியல்காரர்கள் விட்டுப்போன வரைபடக் குழாய்கள்
இன்னும் மூலையில்.
லண்டனிலிருந்து வந்த நூல்களுக்கு
நூலகத்தில் எண் இல்லை,
பொருளியலுக்கும் சமயத்துக்கும் நடுவே
சாய்ந்து நின்றன.

தமிழ் தெரியும் என்பதால்
என்னைச் செந்தூலுக்கு அனுப்பினார் டாக்டர் விட்லோ.
அறுபத்திரண்டு கேள்விகள். ஸ்டென்சில் மை
விரலில் ஒட்டியது.

அஞ்சலாட்சி கதவைத் திறந்தார்,
உள்ளே ஓடினார், எடுத்து வந்தார்
பிளாஸ்டிக் உறையில் சிவப்பு அடையாள அட்டை.
"பெர்மிட்டுக்குத்தானே வந்தே?"

இல்லைக்கா, இது படிப்பு.
சமூகவியல்.
"நாங்க என்ன சமூகம்னு கேக்கவா?"
ஐயோ, அதில்லை. எல்லாரையும் பத்தி.
"எல்லாரையும் எதுக்கு?"

அட்டையை அவர் மெல்ல உறைக்குள் செருகும்வரை
ஏழாம் கேள்வியைத் தேடுவதுபோல்
தலைகுனிந்திருந்தேன்.

"பசியாறிட்டியா?"
அறுபத்திரண்டில் அது இல்லை.

குடும்பத் தலைவர் யார்?
"அவரச் சொன்னா கடைக்காரன் கடன் குடுப்பான்.
அடைக்கிறது நான்."
கட்டத்தில் ஒரு குறிதான் இடலாம்.
'மற்றவை' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை துளையட்டைகளைப் பிரித்தோம்.
எல்லாவற்றிலும் தடித்த கட்டு
'மற்றவை'.
விட்லோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
களப்பணியில் கோளாறு என்றார்.

என் பையில் இன்னொரு படிவம் இருந்தது,
கீழே பெருவிரல் ரேகை.
திங்களன்று வகுப்புக்குப் போகவில்லை.
பதிவிலாகா வரிசையில்
என் எண் நூற்றுப் பதினேழு,
முன்னால் யாரோ குடையை விரித்தார்கள்.