கரண்டு போன நேரத்து உறைகள்

கரண்டு இருந்தால் தறி ஓடும்.
தறி ஓடினால் பாட்டு கேட்காது.
கரண்டு போனால் தெருவே வாயை மூடிக்கொள்ளும்,
அப்போது தட்டு சுற்றாது.
ஏகாம்பரகுப்பத்தில் சங்கீதம் கேட்க
இவ்வளவுதான் வசதி.

நான் தறி மேஸ்திரி.
நாற்பத்தெட்டு தறிக்குக் காது கொடுப்பவன்.
எந்த நாடா எந்தப் பெட்டியில் இடிக்கிறது என்று
தூக்கத்திலும் சொல்வேன்.
வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டு,
எழுபது சி.டி.,
எல்லாம் வாய்ப்பாட்டு.
ஒன்றையும் சத்தம் கலக்காமல் கேட்டதில்லை.

அதனால் உறைகளைப் படித்தேன்.

மத்தியானம் இரண்டு மணி நேரம் வெட்டு.
ஜன்னலோரம் ஒவ்வொன்றாய் எடுத்து வைப்பேன்.
தேவனூர் அபயாம்பாள். கறுப்பு வெள்ளைப் படம்.
மூக்குத்தி இருக்கும் இடத்தில் மட்டும்
அச்சுக்காரன் மை தொடாமல் விட்டிருக்கிறான்.
வயலின் யார் என்று உண்டு. மிருதங்கம் யார் என்று உண்டு.
தம்புரா யார் என்று ஒரு உறையும் சொல்லாது.
ஓரத்தில் ஒரு முழங்கை, நாலு வளையல்,
அதில் மூன்றாவது முறுக்கு வளையல்:
கத்தரித்தது போக மிச்சம்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு
சாவேரி என்று போட்டிருக்கும்.
பாடியிருப்பது அசாவேரி.
நாற்பத்தெட்டு தறி ஓடினாலும் அது தெரியும்.
நீலப் பென்சிலால் முன்னால் ஒரு ‘அ’ சேர்த்தேன்.
கம்பெனிக்குக் கார்டு போட்டேன். பதில் இல்லை.
பதினேழு வருஷம் கழித்து அதுவே சி.டி.யாக வந்தது,
பிளாஸ்டிக் பெட்டி, நடுப்பல் இரண்டு உடைந்து
ஆட்டினால் கிலுகிலுப்பை.
எறும்பு எழுத்தில் அதே சாவேரி.
முழங்கையையும் வெட்டிவிட்டார்கள்.

சாகித்தியம் தெலுங்கு, அச்சு தமிழ்.
நாலு ‘க’வுக்கும் ஒரே ‘க’.
எங்களுக்குக் கஷ்டமில்லை,
அந்த பாஷையில்தான் வெங்காயம் வாங்குகிறோம்,
லைன்மேனிடம் ‘எப்புடு ஒஸ்துந்தன்னா?’ என்று கேட்கிறோம்.
அபயாம்பாள் கேட்பதும் அதுதான், சாமியிடம்.
எப்போது வருவாய், எப்போது வருவாய் என்று
ஒரே வரியை எட்டு தடவை.
லைன்மேனாவது அரை மணி நேரம் என்பான்.
சாமி என்ன சொன்னார் என்று
உறையில் போடவில்லை.

பஞ்சுத் தூசி எல்லா இடத்திலும் இறங்கும்.
முள்ளில் சுற்றிக்கொண்டு பாடகியை இருமவைக்கும்.
கம்பெனி கொடுத்த காகித உள்ளுறை கிழிந்ததும்
பூங்காவனம் லுங்கித் துண்டில் தைத்துத் தந்தாள்,
கஞ்சி போடாத துணி, கட்டம் போட்டது.
‘இதுக்கெல்லாம் சட்டை, உனக்குத்தான் இல்ல’ என்றாள்.
பதில் சொல்லாமல் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

போன மாசம் புத்தூரில்
முனிரத்தினத்தின் பழைய இரும்புக் கடையில்
ஒரு மோட்டாருக்குப் போனேன்.
தராசுக்குப் பக்கத்தில் அபயாம்பாளின் முதல் தட்டு,
நான் கண்ணிலேயே பார்க்காத உறை.
‘இதி ஒக்கடே உந்தி’ என்றார். முன்னூறு.
மோட்டாரை விட்டுவிட்டேன்.
பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன், திறக்கவில்லை. தூசி.

வீட்டில் பிரித்தால் தட்டு இல்லை.
வட்டமாக வெட்டிய காலண்டர் அட்டை,
உறை வளையாமலிருக்க யாரோ செருகியது.
அதில் ஒரு மே மாசம், அரை முருகன்.

ஆனால் மேலே கத்தரிக்காத படம்.
முழங்கைக்காரி முழுசாக உட்கார்ந்திருந்தாள்,
குடத்தைத் தொடையில் சாய்த்து,
கேமராவைப் பார்க்காமல்.
மூன்றாவது முறுக்கு வளையல்.
பின்பக்கம் கடைசி வரி, பசைக் கறைக்கு அடியில்:
தம்புரா, அஞ்சலாட்சி.

‘காலியா?’ என்றாள் பூங்காவனம்.
‘நூற்றுப் பதின்மூன்று’ என்றேன்.
அவள் லுங்கித் துண்டு தேடப் போனாள்.

நீலப் பென்சில் எடுத்தேன்.
முறுக்கு வளையல் இருக்கும் உறைகளை மட்டும்
பிரித்து அடுக்கினேன், பத்தொன்பது.
பதினோரு உறையில் பெயர் எழுதுவதற்குள்
கரண்டு வந்துவிட்டது.