அரைப்பேர்

மழைக்கு ஒதுங்கிய கெடி கொட்டகையில்
துரைராசுவின் போனைச் சுற்றிப் பதினாறு தலை.
ஆசியாவில் இதுவரை அதிகம் சம்பாதித்த
கோல்ஃப்காரர்கள், டொலர் கணக்கில்.
முதல் பேர் தாய்லாந்து என்றான்.
விரலால் தள்ளிக்கொண்டே போனான்.
இந்தியா. கொரியா. மறுபடி தாய்லாந்து.
வாயில் நுழையாதவர்களை
நாட்டைச் சொல்லிக் கடந்தான்.

ஐம்பத்துமூன்றாவது வரியில் விரல் நின்றது.
பி. ராயப்பன்.

பி என்றால் பிச்சமுத்து.
மேற்பிரிவு, பத்துக் காம்பிரா லயத்தில்
எட்டாவது காம்பிரா.
யாரும் கை தட்டவில்லை.
ரூபாயில் எவ்வளவு என்று மட்டும் ஒருவன் கேட்டான்.
போன் பெருக்கிக் காட்டியது,
எங்களுக்கு வாசிக்க வராத நீளத்தில்.

பட்டியல் எங்களுக்குப் புதிதில்லை.
அந்தியில் கொழுந்து மடுவத்தில்
தராசுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும்.
ராயப்பன் அம்மா மூக்காயி, பத்தொன்பது கிலோ.
தண்ணிக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
கணக்கப்பிள்ளை பேனை கழித்தால் பதினேழு.
பதினெட்டு இருந்தால் பேர்.
இல்லாவிட்டால் அரைப்பேர்.
முழு மலை ஏறி, முழுசாய் நனைந்து,
அட்டை கடித்த இரண்டு காலோடும்
அரைப்பேராய் இறங்கி வருவாள்.

திங்கட்கிழமை துரைமார் வராத நாள்.
எங்கள் ஆறு பேருக்கும் ஒரே ஏழாம் நம்பர் இரும்பு,
பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது.
அடிப்பதும் அதில், உருட்டுவதும் அதில்.
நாலில் முடித்தால் பார் என்று
யாரோ சொன்னது அவன் காதில்
பேர் என்று விழுந்தது.
'அப்ப அஞ்சு அடிச்சா அரைப்பேரா?'
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

போன பிறகு
இரண்டு வருடம் எந்தப் பட்டியலிலும் அவன் இல்லை.
வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடு போடுவார்களாம்.
கோட்டுக்குக் கீழே நிற்பவனுக்குச் சல்லிக்காசு கிடையாது,
அறை வாடகை அவன் தலையில்.
ஜகார்த்தா, சிட்டகாங், பேர் மறந்த இன்னொரு ஊர்,
ராத்திரியில் போன் வரும்:
'அரைப்பேர்கூட இல்லடா இன்னிக்கு.'
பின்னால் பஸ் இரையும்.
சீனிச்சம்பல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்பான்.

அப்புறம் ஜெயித்தான்.
அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு.
வெள்ளிக்கிழமைகளில் போன் வரவில்லை.

போன சித்திரை சீசனுக்கு நுவரெலியா வந்தான்,
காட்சி ஆட்டம். பந்தல், பேண்ட் வாத்தியம்,
வங்கிக்காரர்களின் வெள்ளைத் தொப்பி.
பக்கி கொடுத்தார்கள், நடந்தான்.
நாற்பத்தொன்று வேணும் என்றான்.
என் பேரைச் சொல்லவில்லை,
இங்கே என் பேர் அதுதான்.

பதினெட்டாம் குழி. நாலுக்கு உருட்ட வேண்டும்,
ஆறு தப்படி.
மேட்டுக்கு முதுகு காட்டி
வாவிப் பக்கம் சரியும் புல்.
'ரெண்டு கப் வலது' என்றேன்.
ஏன் என்று கேட்காமல் அடித்தான்.
பந்து போய் விளிம்பில் நின்றது,
பாதி உள்ளே, பாதி வெளியே.

பத்து எண்ணும்வரை பொறுக்கலாம், அது விதி.
பத்துக்குள் விழுந்தால் நாலு.
பிந்தினால் ஒன்று கூட.

நான் எண்ணினேன்.
ஐந்து. ஆறு.
கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்க்கிற மாதிரி,
ஆனால் மற்றப் பக்கம் சாய்ந்து.
ஏழு என்று சொல்ல
மூச்சு இரண்டு எடுத்தேன்.
மூடுபனி கொடிக்கம்பைத் தின்றுவிட்டது.
ஒன்பதுக்குப் பிறகு
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

விழுந்தது.
'பத்து' என்றேன். பந்தல் முழுக்கக் கைதட்டல்.

அவன் குனிந்து பந்தை எடுத்துத் துடைத்தான்.
'பதினொண்ணுடா.'
எனக்கு மட்டும் கேட்டது.
அட்டையில் ஐந்து போடச் சொன்னான்.

கொட்டகையில் இதை நான் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் பாதிப் பேர் அவனைத் திட்டுவார்கள்,
மீதிப் பேர் என்னை.

துரைராசு போனை அணைத்தான்.
மழை விட்டபாடில்லை.
குடையோடு ஒரு துரை வாசலில் நின்று
'நாற்பத்தொன்று' என்றார்.
எழுந்தேன்.