ஒன்பதாவது ஓட்டை

போட்டோக் கொப்பி, பக்கம் பத்து ரூபா.
ஒட்டுசுட்டான் சந்தியில் என் கடைப் பலகை
அதற்குமேல் எதுவும் சொல்வதில்லை.
அடையாள அட்டை, காணி உறுதி, மரணச் சான்றிதழ்,
பரந்தாமன் சேரின் இரசாயனவியல் நோட்ஸ்
நூற்று நாற்பது பக்கம், வருசத்துக்கு அறுபது செட்.
அவரிடம் நான் கேட்டதில்லை.
அவரும் வந்து கேட்டதில்லை.
ஒருமுறை மட்டும் கடையைப் பார்த்தபடி
மெல்லச் சைக்கிளில் போனார்.

பவளராணி வந்தது மழைக்கு முந்தின நாள்.
பையில் கொழும்புக்குப் போகிற படிவம்,
கக்கத்தில் சுருட்டிய மட்டை.
விரித்தாள்: கச்சான் உடைக்கிற மெஷின்.
தகர உருளை, சைக்கிள் பெடல்,
பல்லுக்குப் பழைய ரயர்த் துண்டு.
இரும்புப் பல் பருப்பைப் பிளந்ததாம்,
மரப்பல் தேய்ந்ததாம்,
நாலாம் போகத்தில் மகனின் சைக்கிள் ரயரை வெட்டினாளாம்.
அவன் இரண்டு நாள் கதைக்கவில்லையாம்.

படிவம் கேட்டது, இதில் புதியது என்ன?
ரயர்ப் பல் என்று எழுதினேன்.
"அது மட்டுமில்லைத் தங்கச்சி, இடைவெளி.
பல்லுக்கும் சல்லடைக்கும் நடுவில
சின்ன விரல் போகோணும், மோதிர விரல் இறுகோணும்."
படிவத்துக்கு விரல் தெரியாது.
அடிமட்டம் வைத்துப் பார்த்தோம்,
பதின்மூன்று மில்லிமீற்றர்.

ஏன் இப்ப என்றேன்.
வவுனியாவில், கண்காட்சியில் கண்டாளாம்.
பச்சைப் பெயின்ற், கம்பனி ஸ்டிக்கர், எண்பத்தையாயிரம்.
கழுத்துப்பட்டி கட்டின பெடியன் ஒருவன்
எப்படி மிதிப்பதென்று அவளுக்கே காட்டினானாம்.
குனிந்து சட்டத்தில் ஓட்டைகளை எண்ணினாள்.
ஒன்பது.

எட்டுத்தான் வேண்டும்.
ஒன்பதாவது, மாங்குளத்து வெல்டிங் யோகசீலன்
கரண்ட் போய் வந்த அந்தரத்தில் பிழையாகத் துளைத்தது.
அதில் நட்டும் இல்லை, ஆணியும் இல்லை,
காற்றுத்தான் போய்வரும்.
அதையும் அளந்து, அதையும் துளைத்து,
விளிம்புக்குப் பெயின்ற் வேறு அடித்திருந்தார்கள்.
"என்ர பிழைக்கும் சேர்த்து விலை போட்டிருக்கிறாங்கள்"
சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

தடைக்காலத்தில்
மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டின மண் இது.
முதலில் ஓட்டினது யாரென்று கேட்டால்
ஒவ்வொரு கராச்சும் தன்னையே காட்டும்.
அன்றைக்கு அதைப் பார்த்துச் செய்தவன்
விற்பதற்குச் செய்யவில்லை,
ஆளை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.
இது அதில்லை, என்று எனக்கு நானே சொன்னேன்.

"அயல் சனமும் செய்யேலாதோ அக்கா?"
"ஏன் ஏலாது? ஏழு வீட்டில கிடக்கு,
அளவு நான்தான் குடுத்தனான்.
கேட்டுச் செய்தவை."
கேட்டு என்ற சொல்லை அழுத்தவேயில்லை.
எனக்குத்தான் காதில் நின்றது.

படத்தில் ஒன்பதாவதை அழிக்கவா என்றேன்.
"விடு. கிடக்கட்டும்."

மட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
வெளிச்சம் ஒருதரம் போய் வந்தது.
இந்தக் கடையில் எல்லாரும்
கொப்பியைச் சூட்டோடு வாங்கிக்கொண்டு
மூலத்தைக் கண்ணாடியில் மறந்துவிட்டுப் போவார்கள்.
நான்தான் பின்னால் ஓடுவேன்.
இவள் மூடியைத் தானே தூக்கி
முதலில் மட்டையை எடுத்துச் சுருட்டினாள்.
காசை வைத்தாள். பஸ் கோர்ன் அடித்தது.

மறந்துபோனது ஒரு கொப்பி.
சேரின் நோட்ஸ் அடுக்கின்மேல் கிடக்கிறது,
ஒன்பது ஓட்டையோடும்.
இரண்டையும் இன்னும் நான் தொடவில்லை.