கென்றிக்குக் கிர்கிஸ் தெரியாது

பெயர் ஹென்றி.
நாரின் ஊர்ப் பிள்ளைகளின் நாக்கில்
‘ஹ’ ஏறாது, வாசலிலேயே ‘க’ ஆகிவிடும்.
ஆகவே கென்றி. வெள்ளாடு.
என் கணவரின் இடதுகைக் கையுறை;
வலதை அவர் சந்தையில் தொலைத்துவிட்டு வந்த அன்று
பிறந்தான்.
தாடிக்குக் குதிரைவால் மயிர்.
ஒரு கண் என் மழைக்கோட்டின் பொத்தான்.
மற்றது எங்கிருந்து வந்ததோ, கொஞ்சம் பெரியது.
அதனால் எதைப் பார்த்தாலும்
அவனுக்கு ஆச்சரியம்.

செவ்வாயும் வியாழனும் அரைமணி நேரம்
என் வகுப்பு ஒரே ஒரு பொய்யின் மேல் நிற்கிறது:
கென்றிக்குக் கிர்கிஸ் தெரியாது.
தண்ணீர் தாகமா என்று கேட்பதானாலும்
மிதித்ததற்கு மன்னிப்பு என்பதானாலும்
ஆங்கிலத்தில் சொன்னால்தான் ஏறும்.

உண்மையைச் சொன்னால்
ஆங்கிலம் தெரியாதவள் நான்தான்.
கேசட்டில் கற்றது.
நாடா இழுபட்ட இடங்களில்
என் உச்சரிப்பும் இழுபடும்.
போன வசந்தத்தில் பிஷ்கெக்கிலிருந்து
ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து
எத்தனை பிள்ளைகள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.
இருபத்தொன்று
தொண்டையில் மாட்டிக்கொண்டது.
பைக்குள் கைவிட்டேன்.
கென்றிக்குள் விரல் நுழைந்த பிறகுதான்
எண் வெளியே வந்தது, ஆட்டுக் குரலில்.
அவள் சிரிக்கவில்லை.
“தேங்க்யூ, ஹென்றி” என்று சொல்லிவிட்டு
குறித்துக்கொண்டாள்.

“வாட் இஸ் திஸ்?” என்பான் கென்றி,
நாற்காலியைக் காட்டி, பனியைக் காட்டி,
தன் கொம்பையே காட்டி.
நேற்றுக் கேட்டதை இன்றும் கேட்பான்.
“எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்கே இதெல்லாம் தெரியும்”
என்று கிர்கிஸில் முணுமுணுத்துவிட்டு
ஏழாவது முறையாக “சேர்” என்றாள் நூர்பெயில்,
காது கேளாதவனிடம் சொல்வதுபோல.
அவன் வாயில் ரொட்டி திணிப்பார்கள்.
இரவு சட்டைக்கையை உதறினால்
எனக்குத் துணுக்குகள் மிஞ்சும்.

ஜனவரியில் எல்லோருக்கும் சளி.
எர்னியாஸ் மூக்கைத் துடைத்தது கென்றியின் தாடியில்.
துவைத்தேன்.
முற்றத்துக் கொடியில்
காதுக்கொரு கவ்வி மாட்டித் தொங்கவிட்டேன்.
மைனஸ் இருபத்திரண்டு.
உச்சிப்பொழுதுக்குள் பலகையாகிவிட்டான்.

சமையலறை ஜன்னலில் நான்,
மணிக்கட்டு வரை மாவு.
வெளியே கொடிக்குக் கீழே பிள்ளைகள்.
சத்தமே இல்லை.
பிறகு நூர்பெயில் கழுத்தை நிமிர்த்தி
மெதுவாக,
“கென்றி, ஆர் யூ கோல்ட்?”

நான் அந்த வாக்கியத்தைச் சொல்லித் தந்ததில்லை.
‘ஆர் யூ’ ஒரு வாரத்தில் வந்தது,
‘கோல்ட்’ வேறொரு வாரத்தில்.

“எஜே வந்தால்தான் பேசும்” என்றான் எர்னியாஸ்,
“எஜே கைதானே அது.”
“தெரியும்” என்றாள் அவள்.
தெரியுமாம். எல்லோருக்கும்.
எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.
“பின்னே ஏன் அந்த பாஷையில் கேட்கிறாய்?”
“அவனுக்கு வேறு தெரியாதே” என்று சொல்லி
தன் குல்லாயைக் கழற்றி
எம்பி எம்பிப் பார்த்தாள்.
கொடி எட்டவில்லை.

அன்று வியாழன்.
விறைத்தவனுக்குள் என் கை போகவில்லை.
அடுப்பின் பக்கத்தில் ஒரு நாற்காலியில்
குல்லாயோடு சாய்த்து வைத்தோம்.
அவர்களே கேட்டார்கள், அவர்களே
அவனுக்காக ஆட்டுக் குரலில் பதில் சொன்னார்கள்.
ஒருவன் சொன்ன பதில் பிடிக்காமல்
இன்னொருவன் வேறு பதில் சொன்னான்.
என் கை மடியில் கிடந்தது,
இரண்டு கைகளில் ஒன்றாக.

பிறகு தாடியிலிருந்து சொட்டத் தொடங்கியது.
‘சொட்டுவது’ அவர்களிடம் இல்லை.
எனக்கும்தான் சட்டென்று வரவில்லை.
எர்னியாஸ் எழுந்து நின்று அறிவித்தான்:
“கென்றி இஸ் ரெயினிங்.”

தரையைத் துடைக்கத் துணி எடுத்தேன்.
திருத்தவில்லை.