செருப்புக்கடி

அங்கோனாவில் சூரியன் கடலில் எழுந்து
கடலிலேயே விழும் என்று
பட்டறையில் செத்திமியோ சொன்னதை
உல்டெரிக்கோ நம்பவில்லை.
பத்து யூரோ பந்தயம்.
அதற்கு என் குதிகால் செலவாயிற்று.

ஜேசியிலிருந்து ரொட்டிக்காரரின் வேனில்
மாவு மூட்டைகளுக்கு நடுவே வந்து
இருட்டோடு இறங்கினோம்.
பாசெத்தோ பாறையடியில்
மீனவர்கள் குடைந்த குகைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மரக்கதவு,
நீலம், பச்சை, வெளிறிய காவி.
பச்சைக் கதவைத் திறந்து வைத்து
டெல்ஃபினா என்றொருத்தி
ஈரத்துணியால் படகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
சூரியன் வந்தது, தண்ணீர் சொட்டச் சொட்ட.
உல்டெரிக்கோ மணி குறித்துக்கொண்டார்.
அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"தினமும் வருகிறவருக்கு
யார் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள்?" என்றாள்.

பாதிக் கணக்கு சரி.
மீதிக் கடலைத் தேடி
ஊருக்குக் குறுக்கே நடந்தோம்.

நீளச் சாலையின் மரநிழலில்
புதுச் செருப்பு கடிக்கத் தொடங்கியது,
முதலில் செல்லமாக, நாய்க்குட்டி மாதிரி.
கவூர் சதுக்கம் தாண்டுவதற்குள் பல் பதிந்துவிட்டது.
பதிமூன்று வாய் நீரூற்றில் உட்கார்ந்துவிட்டேன்.
பதிமூன்று கல்முகங்கள்
விடாமல் தண்ணீர் பேசின.
கல்யாணமான இருபத்தாறு வருடத்தில்
எனக்கு யாரும் இவ்வளவு பதில் சொன்னதில்லை.

"நீ மெதுவாக வா" என்று
அவர் போய்விட்டார்.

மெதுவாகத்தான் வந்தேன்.
ஞாயிறும் திறந்திருந்த மருந்துக்கடையில்
வெள்ளைக் கோட்டுக்காரி மண்டியிட்டு
அவளே பிளாஸ்திரி ஒட்டினாள்.
நிலம் மாதக்கணக்கில் ஆடிய எழுபத்திரண்டில்
வீடிழந்தவர்கள் தூங்கிய ரயில்பெட்டியில்
பிறந்தவளாம்.
"அசையாத கட்டிலில்
எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வராது."
காசு வாங்கிக்கொண்டாள்,
ஒரு பிளாஸ்திரி கூடுதலாக வைத்தாள்.

பிறகு ஒரு சந்தில்
உருளைக்கிழங்கோடு வெந்த கருவாட்டு மீன் மணம்.
என் தட்டைச் சாப்பிட்டேன்.
அவர் தட்டையும் சாப்பிட்டேன்.

குன்றின் மேல் சான் சிரியாகோ.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.
வாசல் தூணைச் சுமக்கும் சிவப்புக்கல் சிங்கத்தின்
நிழலில் ஒருவர் வாய் பிளந்து தூங்கினார்.
தொப்பியை வைத்து அடையாளம் கண்டேன்.
எழுப்பவில்லை. சிங்கத்துக்கு மறுபக்கம்
நானும் சாய்ந்தேன்.

சாயங்காலம் துறைமுகம்.
பேரரசனுக்கென்று கட்டிய வெள்ளை வளைவு,
ஒல்லி, நெடுநெடு உயரம்,
கூட்டத்தில் வழி கேட்கத் தயங்குகிற ஆள் போல.
கிரீஸிலிருந்து வந்த கப்பல் வாய் திறந்து
லாரிகளை ஒவ்வொன்றாகத் துப்பியது.
கம்பிவேலிக்கு இப்பால் நின்றோம்.
சூரியன் தண்ணீரைத் தொட்டதும்
எல்லாக் கைகளும் கைபேசியோடு உயர்ந்தன.

நான் குனிந்து
இரண்டாவது பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டிருந்தேன்.
அதனால்தான் கண்ணில் பட்டது.
ஒரு லாரியின் அடிவயிற்றில்,
அச்சுக்கும் உதிரிச் சக்கரத்துக்கும் நடுவே,
இரண்டு கால்கள்.
ஒன்றில் துணி ஷூ.
மற்றதில் ஒன்றுமில்லை;
கிளையைப் பற்றும் கிளி போல
விரல்கள் மடங்கி இரும்பைப் பிடித்திருந்தன.

காவலர் மறுபக்கம்
தார்ப்பாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
என் தொண்டைவரை ஒரு வார்த்தை வந்தது.
அது எந்த வார்த்தை என்று
எனக்கு இன்றும் தெரியாது.
லாரி நகர்ந்தது.

"எட்டு நாற்பத்தொன்பது! கடலில்தான்!"
தோற்ற மனிதருக்கு அத்தனை சந்தோஷம்.
"பார்த்தாயா?"
"பார்த்தேன்."

வேலிக்கு அடியில்
செருப்பிரண்டையும் தள்ளி வைத்தேன்.
முப்பத்தேழாம் அளவு, பெண்கள் செருப்பு,
அந்தக் காலுக்கு எப்படியும் சேராது.
வெறுங்காலோடு ரயிலேறினேன்.
ஃபால்கொனாரா தாண்டும்வரை
உல்டெரிக்கோ புலம்பிக்கொண்டே வந்தார்:
"இரண்டு நாள்கூட ஆகவில்லையே,
என்ன விலை கொடுத்தோம்!"