உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு

குருநகர் இறங்குதுறைக்குப் பக்கத்தில்
நண்டுக் கொம்பனியில் எனக்கு
அளக்கிற வேலை.
ஓட்டின் இரண்டு கூர்முள்ளுக்கும் வேணியரைக் கொடுத்து
எண்ணைச் சத்தமாய்ச் சொல்வேன்.
எட்வீனா எழுதுவாள்.
ஒன்பது வருசம்.
முள்ளின் நுனியில் பிடித்தால் ஓர் எண்,
அடியில் பிடித்தால் வேறோர் எண்,
நண்டு ஒன்றுதான்.

இன்றைக்கு என்னை அளக்கிறார்கள்.
என்னையல்ல.

பெரியாஸ்பத்திரி, ஸ்கான் அறை.
விடியப்புறம் போய் எடுத்த துண்டில்
நாற்பத்தொன்று.
வயிற்றில் பூசின களி
ஐஸ்பெட்டிக்குள் கை விட்ட குளிர்.
டொக்டர் மயூரதி கதைக்கிற ஆளில்லை.
ஒரு கையால் தொப்புளுக்குக் கீழே அழுத்தி
மறுகையால் ஓர் உருண்டையை உருட்ட
திரையில் வெள்ளை வளையம்,
நடுவே ஒரு கீறு.
புள்ளிக்கோடு அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது:
தலைச் சுற்றளவு நூற்றுத்தொண்ணூற்றெட்டு.

பிடரிப் பக்கம் சிறுமூளை,
படுத்துக் கிடக்கிற எட்டுமாதிரி.
இருபத்திரண்டு மில்லிமீற்றர்.
"எத்தினை கிழமை?"
"இருபத்திரண்டு."
"அப்ப சரி. இந்த மாசங்களில
கிழமைக்கு ஒரு மில்லிமீற்றர் வளரும்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று.
கலண்டர் இல்லாத இருட்டுக்குள்
தன் நாளைத் தானே
அகலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது ஒன்று.

பிறகு உருண்டை மெதுவாயிற்று.
"இது பக்க அறை. மூளைக்குள்ள தண்ணி நிக்கிற இடம்."
பத்து தசம் மூன்று.
அழித்தார்.
ஒன்பது தசம் எட்டு.
அழித்தார்.
பத்து தசம் ஒன்று.
"பத்துக்குக் கீழ இருந்தா நல்லது."
என்னிடமல்ல, திரையிடம் சொன்னார்.

ஏன் அப்போது அது வந்ததோ தெரியாது:
அளவு காணாத நண்டைத்
திரும்பக் கடலுக்குப் போகிற கூடைக்குள் எறிகிற
என் வலக்கை.
நாளுக்கு எழுபது தரம், எண்பது தரம்.
அங்கே சிறிதானால் குற்றம்,
இங்கே பெரிதானால்.

"டொக்டர்,
எந்த விளிம்பில பிடிக்கிறீங்கள்?"

கை நின்றது.
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.
"என்ன வேலை செய்யிறீங்கள்?"
சொன்னேன்.
திரையை என் பக்கம் திருப்பினார்.
இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் கறுப்பு.
இந்தக் கோட்டின் உள்விளிம்பிலிருந்து
அந்தக் கோட்டின் உள்விளிம்புக்கு,
நேர் குறுக்காக.
கோட்டின் தடிப்பையும் சேர்த்தால் எண் ஏறும்.
சரித்துப் பிடித்தாலும் ஏறும்.
"பிள்ளை தலையை ஆட்டினாலும் மாறும்."
"நண்டும் ஆட்டும், டொக்டர்."
சிரித்தோமா என்று ஞாபகமில்லை.

திரும்பவும் ஒருக்கால்.
மூச்சை நான் பிடித்துக்கொண்டேன்,
அவர் கேட்கவில்லை.
பத்து.
சரியாகப் பத்து.

கார்ட்டில் எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
இரண்டு கிழமையால் வரச்சொன்னார்.
"அநேகமா ஒண்டுமில்லை."
அநேகமாக என்கிற சொல்லின்
உள்விளிம்பு எது?

இரவு டெனிஸ்ரன்
தமக்கையின் பொடியனுடைய அடிமட்டத்தை வாங்கிவந்து
போனின் வெளிச்சத்தில் பத்துக் கோடு எண்ணினார்.
"இவ்வளவுதானே?"
இவ்வளவுதான்.
என் சுண்டுவிரல் நகம் அவ்வளவு இருந்தது.
எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெரிய தலை என்றார்,
தலை அல்ல, தலைக்குள் அறை என்றேன்.
பிறகு அவர் கதைக்கவில்லை.
மூன்று மணிக்குக் கடலுக்குப் போகவேணும்,
போகவில்லை.

வியாழன் வந்தது.
சிறுமூளை இருபத்துமூன்றாகியிருக்கும்.
அந்த எண்ணை மட்டும் நான்
யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கலாம்.

கொம்பனியில் மேசை நிரம்பிக் கிடக்கிறது நண்டு.
எட்வீனா பேனையைத் தட்டுகிறாள்,
"என்னடி, ஒவ்வொண்டுக்கும் இவ்வளவு நேரம்?"
இரண்டாந்தரம் அளக்கிறேன்.
அது கால்களை உதறுகிறது,
வேணியர் வழுக்குகிறது,
மூன்றாந்தரம்.

எண்ணைச் சொல்கிறேன்.
"பென்சிலால எழுது."