வேர் இருக்கணும்

பிடுங்காதே என்றாள் ஷம்ஷாத்.
நான்கு வாரமாய்ப் பிடுங்கவில்லை.
மழித்துக்கொண்டு வா என்றாள்.
காசிமேட்டில், தெரிந்தவர் இல்லாத பெட்டிக்கடையாய்ப் பார்த்து
"ரேசர் ஒண்ணு" என்றேன்.
"தம்பிக்கா?"
"ஆமா."
எனக்குத் தம்பி இல்லை.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு.
கீழே இரண்டு மாடியும் புடவை,
மூன்றாவதில் நாங்கள்.
காத்திருக்கும் பெஞ்சில் யாரும்
யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
அவரவர் செருப்பு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

பதினேழு வருடம்
ஐஸ் ஃபேக்டரி பில் கவுன்ட்டரில்
இடது கையை மோவாயில் ஊன்றியே எழுதினேன்.
பிடிக்கக் கையில்லாமல் புத்தகம் நழுவும்,
கார்பன் நகல் கோணும்,
முதலாளி திட்டுவார்.
பியூலாக்கா எப்பவும் யோசனையிலேயே கீது
என்பார்கள் லோடு ஏற்றும் பையன்கள்.
யோசனை ஒன்றுமில்லை.
விடிகாலை மூன்று மணி ட்யூப்லைட்டுக்கு
எதையும் மறைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

பச்சைக் கண்ணாடி ஒன்றை எனக்கு மாட்டி
தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு
ஷம்ஷாத் சொன்னாள்:
"இந்த வெளிச்சத்துக்குக்
கறுப்பு மட்டும்தான்க்கா தெரியும்.
முடியில இருக்குற கறுப்பு அதைக் குடிச்சிக்கும்,
சூடாவும், அந்தச் சூடு அப்படியே வேருக்கு இறங்கும்.
வேரைச் சுத்தி இருக்குற பை வெந்துட்டா
அங்க திரும்ப முளைக்கறது கஷ்டம்.
அதான் புடுங்கக் கூடாதுன்றது.
வேர் இருக்கணும்.
வெறுங்குழிக்குள்ள வெளிச்சம் போய் இன்னா பண்ணும்?"

"என் தோலும் கறுப்பாச்சே?"

"அதுக்குத்தான் இந்த மெஷின்.
வேற மெஷின்னா தோலையும் முடின்னு நெனச்சிக்கும்,
கொப்புளம் போட்டுடும்.
இது மேல ரொம்ப நிக்காது. ஆழமா போய்டும்."

என் பதினாலாவது வயதிலிருந்து
மாதம் ஒரு சிவப்பழகு ட்யூப் வாங்கிய வீடு எங்களுடையது.
கறுப்பைத் தேடிக்கொண்டு ஒன்று வரும்,
அதற்கும் காசு கட்டுவேன் என்று
அப்போது யாராவது சொல்லியிருந்தால்

மோவாயில் ஜெல்.
ஜில்.
ஐம்பது கிலோ பாருக்கு
இது தூரத்துச் சொந்தம்.

பிறகு ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல
ஒரு சுண்டு.
இன்னொன்று.
மேலுதட்டுக்கு வந்தபோது மட்டும்
கண்ணில் தண்ணீர் தானாக இறங்கியது.
அழவில்லை. அந்த இடம் அப்படி.
கருகல் வாசனை.
ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில்
தலை வாட்டுகிற அதே வாசனை.
சிரித்துவிட்டேன்.
"ஆடாதீங்கக்கா" என்றாள்.
இன்னும் சிரித்தேன்.

"ஒரே தடவையில போய்டுமா?"

"வளர்ற முடிதான்க்கா சிக்கும்.
மிச்சமெல்லாம் இப்ப தூங்குது.
அது முழிக்கறப்ப நீங்க திரும்ப வரணும்.
ஆறு தடவையாவது ஆவும்.
உங்களுக்கு ஹார்மோன் வேற,
உள்ளேர்ந்து புதுசு அனுப்பிக்கினே இருக்கும்.
அடியோட போய்டும்னு நான் சொல்லமாட்டேன்."

எங்கள் லோடு பையன்களும்
ஷிஃப்டு போட்டுத் தூங்குகிறவர்கள்.
ஒரே நேரத்தில் எல்லோரையும் பிடிக்க முடியாது.
எனக்குப் புரிந்தது.

ஆறாவது தடவை.
கீழே ஆடித் தள்ளுபடி,
கூட்டத்தைக் கிழித்துப் படியேறவே கால்மணி.
ஷம்ஷாத் மோவாயைத் திருப்பினாள்.
விளக்கை இழுத்தாள்.
"ஒண்ணே ஒண்ணுக்கா. வெள்ளை.
இது வெளிச்சத்துக்குத் தெரியாது,
எத்தினி சுட்டாலும் சும்மா நிக்கும்.
ஊசி வெச்சி கரண்ட்ல எடுக்கலாம், வேற எடம் சொல்றேன்."

வேண்டாம் என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

மறுநாள், மூன்று மணி.
பார் சறுக்கி வந்து விழுந்தது.
கிரஷர் வெள்ளையாய்த் துப்பியது.
இடது கை பழக்கத்தில் மேலே கிளம்பியது.
பாதி வழியில் அதற்கு ஞாபகம் வந்து
இறங்கி
பில் புத்தகத்தை அமுக்கிப் பிடித்தது.

படகு எண், பார் இரண்டு, தொகை.
தாளைத் தூக்கிப் பார்த்தேன்.
நகல் நேராக விழுந்திருந்தது.